உப்புக்காற்றும் வன்தட்டும்

தமிழில் நூல்கள் அழிந்த வரலாற்றைப் பேசப் புகுந்தால் கறையான், நெருப்பு, ஆற்று வெள்ளம் ஆகிய மூன்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் அமைதி அடைகிறோம். அந்த அழிவில் மனிதக் கைக்கும் பெரும்பங்கு உண்டு. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியை உ.வே. சாமிநாதையர் வேதனையோடு எழுதியிருக்கிறார். அவ்வாறு விட்டவர்கள் தமிழுக்குப் பகைவர் அல்லர். கையிலிருந்ததைப் படிக்கும் வழி அவர்களுக்கு அற்றுப் போயிருந்தது. படிக்க இயலாததை உயிர் நீங்கியது என்று கருதி, சடங்கோடு வழியனுப்பி வைத்தனர்.

அந்த மனப்பாங்கு ஓலையோடு முடிந்துவிடவில்லை. கணிப்பொறி ஒருநாள் இயங்க மறுக்கிறது. பழுது பார்ப்பவர் 'ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார்' என்கிறார். நாமும் தலையசைத்துவிட்டுப் புதியதற்குப் பணம் எடுத்து வைக்கிறோம். பழையது மேசை இழுப்பறைக்குள் சில மாதங்கள் கிடந்து, பிறகு பழைய இரும்பு வாங்குபவரின் மூட்டைக்குள் போய்விடுகிறது. அதில் பத்தாண்டுக் கையெழுத்துப்படிகள் இருந்திருக்கலாம். நின்றுபோன ஒரு சிற்றிதழின் முழுத் தொகுதியும் இருந்திருக்கலாம்.

இவ்வாறு 'இறந்த' வன்தட்டுகளில் கணிசமானவற்றில் எழுத்து அழிவதில்லை. அதற்கு மின்சாரம் நுழையும் வாயிலில் உள்ள, சில ரூபாய் விலையுள்ள ஓர் உறுப்பு மட்டுமே பழுதுபட்டிருக்கும். இந்தப் பழுதின் வரலாற்றைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்றுகொண்டு எழுதிப் பார்ப்பதே நம் நோக்கம். ஏன் பழவேற்காடு என்பது போகப்போக விளங்கும்.

கோட்டையும் கடிதமும்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகத்தின் தலைவாசல் இதுவே. இங்கிருந்து துணி கப்பலேறியது, இங்கே நாணயம் அச்சாயிற்று, வெடிமருந்தும் தயாரானது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும் எஞ்சியிருக்கின்றன. தொல்லியல் துறையின் காவலில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும், செதுக்கிய எழுத்துகளோடு நிற்கிறது.

ஆனால் அந்தக் கோட்டைக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல்கள் வரலாற்றாசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். காரணம் எளியது. கம்பெனியின் எழுத்தர்கள் தாம் எழுதியவற்றைப் படியெடுத்தனர். ஒரு படி பத்தாவியாவுக்கும் இன்னொன்று நெதர்லாந்துக்கும் கடல் கடந்து சென்றன. ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்று கரை சேரும் என்பது அவர்கள் கணக்கு. சுவர் இடிந்தது, செய்தி பல கரைகளில் பிழைத்துக் கிடந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுத்து தாங்கும் பொருள் வேறு. அதனை அடையும் வழி வேறு. கோட்டை வழி. கடிதம் பொருள். வழி அடைபட்டபோது பொருளும் தொலைந்தது என்று எவரும் முடிவு கட்டவில்லை, தேடினர், கிடைத்தது. வன்தட்டின் வரலாற்றிலும் இந்த வேறுபாட்டை மறவாதிருப்பவர்களே எழுத்தை மீட்கிறார்கள்.

ஏரிக்கரையின் ஆவணங்கள்

இன்றைய பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு என்ன ஆவணம் இருந்துவிடப் போகிறது என்று நகரவாசி கேட்கக்கூடும். கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை உண்டு என்பதை மீன்வள ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏரியின் வளமான பகுதிகளில் யார், எந்த முறையில், எந்த வலையை இடலாம் என்பதை ஊரே பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. உரிமை உடையவர் தலைக்கட்டாக எண்ணப்படுவார். பெயர் இருந்தால் பங்கு. பெயர் இல்லையேல் இல்லை. உரிமை கோரி வேறு குப்பங்கள் குரல் எழுப்பும்போது, பழைய பட்டியலும் பழைய உடன்பாடும் சான்றாகிவிடுகின்றன.

கூட்டுறவுச் சங்கத்தின் கடன் கணக்கு, கோயில் அல்லது பள்ளிவாசல் அல்லது மாதா கோயிலின் பதிவுகள், சுனாமிக்குப் பிறகு எடுத்த குடும்பக் கணக்கெடுப்பு, கல்யாணப் படம் எடுத்த ஸ்டுடியோவின் சேமிப்பு என்று எல்லாக் கடற்கரை ஊர்களிலும் இத்தகைய தாள்கள் உண்டு. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் இவையெல்லாம் நோட்டுப் புத்தகத்திலிருந்து கணிப்பொறிக்கு இடம் மாறின. மாற்றியவர்கள் இதை முன்னேற்றம் என்று கருதியதில் தவறில்லை. ஆனால் காகிதம் கடற்காற்றில் மெல்ல மெல்லவே பழுக்கும். கண்ணுக்குத் தெரியும்படி பழுக்கும். வன்தட்டு அப்படி எச்சரிக்கை தருவதில்லை. நேற்று மாலை வரை இயங்கியது காலையில் மௌனமாகிவிடுகிறது.

தகடும் பலகையும் ஒன்றான கதை

இந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள வன்தட்டின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 காந்தத் தகடுகள் இருந்தன. எல்லாம் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள். பொறியின் எடை ஒரு டன்னுக்கு அருகில். தகட்டை நெருங்கிப் படிக்கும் முனையைத் தகட்டின்மேல் மோதாமல் மிதக்க வைக்கத் தனியே காற்றழுத்தி ஒன்று ஓடியது.

1980இல் சீகேட் நிறுவனம் 5.25 அங்குல அளவில், 5 மெகாபைட் கொள்ளளவில் ஒரு வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணிப்பொறிக்குள் வன்தட்டு குடிபுகுந்தது அப்போதிலிருந்துதான். ஆனால் அதை ஆளும் அறிவு இன்னும் வெளியே, கணிப்பொறிக்குள் செருகிய தனி அட்டையில் இருந்தது. 1986 வாக்கில் அந்த ஆளுகைச் சுற்றும் வன்தட்டின் அடிவயிற்றிலேயே பொருத்தப்பட்டது. வன்தட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியும் பச்சை அல்லது நீலநிற மின்சுற்றுப் பலகை அதன் வழித்தோன்றல்.

இந்த இணைப்பால் விலை குறைந்தது, வேகம் கூடியது. ஆயின் நினைவும் மின்வாயிலும் ஒரே கூட்டில் அடைபட்டன. மேலே, மூடிய உலோகப் பெட்டிக்குள் காந்தத் தகடுகள். கீழே, திறந்த பலகையில் மின்சாரம் நுழையும் இடம். தகடு தூசு புகாத அறையில் மூடப்பட்டது. பலகையோ ஊர்க்காற்று முழுவதையும் வாங்கிக்கொள்கிறது.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். தொடக்கக் கால வன்தட்டுகளில், கணிப்பொறியை அணைக்குமுன் முனையைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தும்படி பயனர் தாமே ஆணையிட வேண்டியிருந்தது. மறந்தால், மின்சாரம் நின்றதும் முனை எழுத்தின்மேலேயே இறங்கும். பின்னால் வந்த பொறியாளர்கள் இதற்கு ஓர் அழகிய வழி கண்டனர். மின்சாரம் அறுந்தாலும் தகடுகள் உடனே நிற்பதில்லை, சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுழற்சியால் மோட்டாரே சிறு மின்னாக்கியாகி, அதில் பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டு முனையைத் துறை சேர்த்துவிடுகிறது. எஞ்சின் நின்ற படகு எஞ்சிய வேகத்திலேயே கரை தட்டுவதைக் கண்ட பழவேற்காட்டு மீனவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆகவே வெறும் மின்வெட்டு வன்தட்டைக் கொல்வது அரிது. கொல்வது, மின்சாரம் திரும்பி வரும் விதம்.

மின்சாரம் திரும்பி வரும் விதம்

ஏரிக்குத் தெற்கே அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் மின்சாரம் ஆக்கி வருகிறது. அருகில் ஆலை இருப்பதால் கம்பியின் கடைக்கோடியில் உள்ள ஊருக்குச் சீரான மின்சாரம் வந்துவிடும் என்பதற்கில்லை. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகம் பட்ட மின்வெட்டை நாம் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே 2012இல் அது உச்சத்தில் இருந்தது. நாளொன்றுக்குப் பலமுறை போவதும் வருவதுமான மின்சாரத்தில் இன்வெர்ட்டரும் டீசல் ஜெனரேட்டரும் ஊர்தோறும் பெருகின.

புயல்கள் வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்கு அருகே கரை கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. கம்பிகளை அவசரமாக இழுத்துக் கட்டும் நாள்களில் நேரும் விபத்துகளில் கொடியது நியூட்ரல் கம்பி அறுவது. நம் வீடுகளுக்கு ஒரு முனையும் நியூட்ரலும் சேர்ந்து 230 வோல்ட் வருகிறது. நியூட்ரல் அறுந்தால் இரு முனைகளுக்கிடையே உள்ள 400 வோல்ட்டைப் பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்டுக்கொள்ள நேரும். ஒரு வீட்டில் விளக்கு மங்கும்; மறுவீட்டில் விளக்கு வெடிக்கும். அப்போது கணிப்பொறியின் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி தாக்குண்டு, அதிலும் மலிவான வகையாக இருந்தால், தன்மீது விழுந்த அடியை உள்ளே கடத்திவிடக்கூடும்.

புயலே வேண்டாம். மேசைமேல் வைக்கும் வெளி வன்தட்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் உண்டு. மடிக்கணிப்பொறிக்கு 19 வோல்ட் அடாப்டர். முனை ஒன்றுபோல் இருப்பதால் அவசரத்தில் மாற்றிச் செருகப்பட்டு இறந்த வன்தட்டுகள் ஏராளம். சென்னை ரிச்சி தெருவில் பலகை பழுது பார்ப்பவர்களுக்கு இது பழகிய கதை.

வாயிலில் விழுந்தவன்

மருத்துவர் நாடி பார்ப்பதற்கு ஒரு வரிசை வைத்திருப்பது போல, பலகையைச் சோதிப்பதற்கும் வரிசை உண்டு.

முதலில் காது. மின்சாரம் கொடுத்ததும் வன்தட்டு 'டிக் டிக்' என்று தட்டினால் நோய் பெரும்பாலும் உள்ளே, முனையில் இருக்கிறது. பலகையை நோண்டிப் பயனில்லை. மெல்லிய ரீங்காரம் மட்டும் எழுந்து சுழலாமல் நின்றால், முனை தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். எந்த ஓசையும் அதிர்வும் இல்லாத முழு மௌனமே மின்வாயிலைச் சுட்டும் அறிகுறி.

இரண்டாவது, கணிப்பொறியின் நடத்தை. இந்த வன்தட்டை இணைத்தால் கணிப்பொறியே எழ மறுக்கிறது, கழற்றினால் எழுகிறது என்றால், பலகையில் எங்கோ மின்பாதை நேரடியாகத் தரையோடு சேர்ந்துவிட்டது என்று பொருள். தொழிலில் இதற்கு 'ஷார்ட்' என்று பெயர். மின்வழங்கி அதை உணர்ந்து தன்னைத் தானே அடைத்துக்கொள்கிறது.

மூன்றாவது, கண்ணும் மூக்கும். பலகையில் மோட்டாரை ஓட்டும் சில்லு ஒன்று உண்டு. தகடுகளைச் சுழற்றும் மின்சாரமும் முனையை அசைக்கும் மின்சாரமும் அதன் வழியே போகின்றன. பெருஞ்சுமை தாங்குவது அதுவே என்பதால் முதலில் கருகுவதும் பெரும்பாலும் அதுவே. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதன் முதுகில் வெடிப்போ கொப்புளமோ தெரிந்தால் ஐயம் தீர்ந்தது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் மல்டிமீட்டர். மேசைக் கணிப்பொறி வன்தட்டுக்கு இரண்டு மின்னழுத்தங்கள் வருகின்றன. பழைய நான்கு கம்பிச் செருகியில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் தரை. மடிக்கணிப்பொறி வன்தட்டுக்கு 5 வோல்ட் மட்டும். மின்சாரம் கொடுக்காமலேயே, ஒவ்வொரு பாதைக்கும் தரைக்கும் இடையே உள்ள தடையை அளக்க வேண்டும். சுழியத்தை ஒட்டிய அளவு காட்டினால் அந்தப் பாதையில் ஷார்ட்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த வாயிற்காவலன் வருகிறான். மின்சாரம் பலகைக்குள் நுழையும் இடத்தில், 5 வோல்ட்டுக்கு ஒன்றும் 12 வோல்ட்டுக்கு ஒன்றுமாக, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய கறுப்பு டயோடுகள் இருக்கும். டி.வி.எஸ். டயோடு என்பார்கள். மின்னழுத்தம் வரம்புக்குள் இருக்கும்வரை அது எதுவுமே செய்வதில்லை. வரம்பு மீறிய கணத்தில் மிகை மின்சாரத்தைத் தன் வழியே தரைக்குத் திருப்பிவிடுகிறது. மிகை சில நொடிகள் நீடித்தால் அது தானே எரிந்து, நிலையான ஷார்ட்டாக மாறிவிடும். உள்ளே இருப்பவர்களைக் காத்துவிட்டு வாயிலிலேயே விழுந்து, வாயிலை அடைத்துக்கொள்கிறது. வெளியே நிற்பவர் பார்வைக்கு வீடே அழிந்தது போலத் தெரியும்.

ஷார்ட்டான டயோடைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு மீண்டும் அளந்தால், தடை இயல்புக்குத் திரும்பியிருக்கக் காணலாம். வேறு சேதம் இல்லையெனில் அந்த வன்தட்டு பல வேளைகளில் அந்த நிலையிலேயே சுழலத் தொடங்கும். ஆனால் இப்போது வாயிலில் காவல் இல்லை. நல்ல மின்வழங்கியில், எழுத்தைப் படியெடுத்து முடிக்கும்வரை மட்டுமே அதை ஓட்டலாம். அன்றாடப் பயனுக்குத் திருப்பக்கூடாது. எடுத்த பின்னும் ஷார்ட் நீங்கவில்லை என்றால் பழி மோட்டார்ச் சில்லையோ மின்தேக்கிகளையோ சேரும்.

ஷார்ட்டே இல்லை, ஆயினும் மௌனம் என்றால் எதிர்மறையான பழுது. பாதையின் நடுவே உள்ள பியூஸோ, பியூஸின் வேலையைச் செய்யும் சுழியத் தடையோ அறுந்திருக்கும். அதன் இருபுறமும் தொட்டு அளந்தால் தெரிந்துவிடும். அதுவும் சரியாக இருந்தால், 5 வோல்ட்டிலிருந்து சிறிய மின்னழுத்தங்களைப் பிரித்துத் தரும் சீராக்கிகளைப் பார்க்க வேண்டும். அவை ஒழுங்காக ஊட்டவில்லை என்றால் பலகையின் மூளைச் சில்லு விழிக்காது. மின்சாரம் கொடுத்த நிலையில் அளக்க வேண்டிய இந்தக் கட்டம், தொழில் தெரிந்த கைக்கு உரியது.

கடைசியாக, பலகையைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பார்ப்பது. மோட்டாருக்கும் முனைக்கும் மின்சாரம் போகும் தொடுபுள்ளிகள் அங்கே இருக்கின்றன. கடலோர ஊர்களில் இவை கறுத்துப் போவது பெருவழக்கு. உப்பும் ஈரமும் சேர்ந்து படியவைத்த இந்தக் கறுப்பை மென்மையான பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் பேசத் தொடங்கிய வன்தட்டுகள் உண்டு. ஓலையின்மேல் மஞ்சளும் மையும் தடவி எழுத்தைத் துலக்கிய பதிப்பாசிரியர்களின் வேலை நமக்கு நினைவுக்கு வருகிறது.

ஈரம் செய்த வழக்கு

ஈரமும் வெப்பமும் பலகைக்கு என்ன செய்யும் என்பதற்கு உலக அளவில் ஒரு பெரிய சான்று உண்டு. 2001, 2002 ஆண்டுகளில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஒருவகை மேசைக் கணிப்பொறி வன்தட்டுகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. தகடும் முனையும் நலமாக இருந்தன. பழுது, பலகையில் இருந்த சிர்ரஸ் லாஜிக் நிறுவனத்தின் ஒரு சில்லில்.

சில்லை மூடியிருந்த கறுப்புப் பூச்சில், தீப்பற்றாமல் இருப்பதற்காகச் செம்பாஸ்பரஸ் கலந்திருந்தனர். பூச்சைத் தந்தது சுமிட்டோமோ பேக்கலைட் நிறுவனம். காற்றின் ஈரம் உள்ளே கசிந்தபோது பாஸ்பரஸ் அமிலமாக மாறியது. அந்த அமிலத்தின் துணையோடு உலோகம் மெல்ல நகர்ந்து, அடுத்தடுத்த கால்களுக்கிடையே பாலம் கட்டியது. விளைவு, சில்லின் வயிற்றுக்குள்ளேயே ஷார்ட். வெப்பமும் ஈரமும் கூடக்கூட மரணமும் விரைவாயிற்று. வழக்கு கலிஃபோர்னிய நீதிமன்றம் ஏறி 2003இல் சமரசத்தில் முடிந்தது.

தீயிலிருந்து காப்பதற்குச் சேர்த்த பொருளே ஈரத்தில் பகையானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்நாளில் 'போய்விட்டது' என்று தூக்கி எறிந்த எத்தனையோ வன்தட்டுகளின் தகடுகளில் எழுத்து அப்படியே இருந்தது என்பதே நமக்கு முக்கியம். காற்றில் உப்பும் ஈரமும் ஓயாத ஏரிக்கரை ஊரில் இருப்பவர் இதை மற்றவரைவிட நன்றாக உணர முடியும்.

நெருப்பில் விழுந்த தட்டு

பலகை முழுவதும் எரிந்துபோனால்? அதற்கும் ஒரு விடை உண்டு. அது பழவேற்காட்டு ஏரியின் மறுகரையைத் தொட்டுச் செல்கிறது.

ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்துக் கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட்டுகள் எழுகின்றன. ஏவும் நாள்களில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குள் போகத் தடை உண்டு. 2002 செப்டம்பர் 12 அன்று அங்கிருந்து மெட்சாட் என்னும் வானிலைச் செயற்கைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது. ஐந்து மாதம் கழித்து அதன் பெயர் மாறியது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் டெக்சாஸ் வானில் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். பிப்ரவரி 5 அன்று மெட்சாட்டுக்குக் கல்பனா-1 என்று பெயர் சூட்டப்பட்டது. இந்தக் கரையின் மேகங்களையும் புயல்களையும் அந்தப் பெயர் பல ஆண்டுகள் மேலிருந்து பார்த்துவந்தது.

அதே கொலம்பியாவில் செனான் வாயுவின் பாகுநிலையை அளக்கும் சோதனை ஒன்று இருந்தது. அளவுகளின் ஒரு பகுதி பறக்கும்போதே தரைக்கு வந்துவிட்டது. மீதி, சில நூறு மெகாபைட் கொள்ளளவுள்ள சீகேட் வன்தட்டு ஒன்றில் இருந்தது. விபத்துக்குச் சில மாதங்களுக்குப் பின், டெக்சாசில் நீர் வற்றிய ஓர் ஏரிப்படுகையில் அது கிடைத்தது. பலகை அடையாளம் தெரியாமல் எரிந்திருந்தது. ஓரத்து அடைப்பு உருகி உள்ளே தூசு புகுந்திருந்தது. மின்னசோட்டாவில் உள்ள ஆன்ட்ராக் நிறுவனத்தினர் தகடுகளைத் தூய்மை செய்து வேறொரு வன்தட்டின் உடலில் பொருத்தினர். தூசு கீறிய பகுதி பெரும்பாலும் எழுதப்படாத பகுதியாக அமைந்தது நற்பேறு. ஏறத்தாழ 99 விழுக்காடு எழுத்து மீண்டது. சோதனையின் முடிவு 2008இல் இயற்பியல் ஆய்விதழில் வெளியாயிற்று.

வானத்திலிருந்து எரிந்து விழுந்ததில் இருந்தே எழுத்தை மீட்க முடிந்தது என்றால், மின்கம்பி உராய்ந்து மௌனமான ஒரு வன்தட்டை நாம் அவ்வளவு எளிதில் கைவிடலாகாது.

தூக்கி எறியக் கூடாதது

மீட்பு எப்போதும் கைகூடும் என்று நாம் சொல்லவரவில்லை. தகடு கீறப்பட்டால் கீறப்பட்டதுதான். தகட்டுக்கும் முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்; வீட்டில் மூடியைத் திறந்து பார்ப்பவர் எழுத்தைத் தம் கையாலேயே அழிக்கிறார். சில வெளி வன்தட்டுகளில் பலகையில் உள்ள சில்லு எழுத்தைச் சங்கேதமாக்கியே தகட்டில் பதிக்கிறது. அந்தச் சில்லு போனால் திறவுகோலும் அதனோடு போகக்கூடும். மடிக்கணிப்பொறிகளில் இப்போது பரவியுள்ள தகடில்லாச் சேமிப்பில் பலகையே நினைவு. வாயிலும் வீடும் அங்கே ஒன்று.

இன்னொரு செய்தி பரவலாகத் தெரிய வேண்டும். 1990களில், ஒரே மாதிரி வன்தட்டிலிருந்து பலகையைக் கழற்றி மாட்டினாலே பல வேளைகளில் போதும். பின்னர் நிலைமை மாறிற்று. தொழிற்சாலையில் ஒவ்வொரு வன்தட்டையும் தனித்தனியே அளந்து, அதன் தகடுகளுக்கும் முனைகளுக்கும் மட்டும் உரிய குறிப்புகளைப் பலகையில் உள்ள எட்டுக் கால் சில்லு ஒன்றில் பதிக்கிறார்கள். மாற்றுப் பலகை பொருத்தினால், அந்தச் சில்லையும் பழைய பலகையிலிருந்து பெயர்த்துப் புதியதில் பற்றவைக்க வேண்டும். ஏட்டுச்சுவடிக்குரிய தனிப் பொருத்தம் போன்றது இது. மற்றொரு கட்டின் குறிப்பு இதற்கு உதவாது.

ஆனால் பழுது பார்க்கும் கடைகளில் நடப்பது என்ன? கருகிய பலகையைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிப் பார்க்கிறார்கள். இயங்கவில்லை. 'உள்ளேயும் போயிருக்கு' என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. உண்மையில் உள்ளே எதுவும் போகவில்லை. உள்ளே போவதற்கான குறிப்பு மாலைக் குப்பை வண்டியில் போயிற்று. ஆற்றில் விட்ட ஏட்டுக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. மௌனமான வன்தட்டு வீட்டிலோ சங்க அலுவலகத்திலோ இதழின் பழைய அறையிலோ கிடந்தால், அதன் பலகையைப் பிரிக்காமல், மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்துச் சோதிக்காமல், உலர்ந்த இடத்தில் வைக்கலாம். மேலே ஒரு சீட்டு ஒட்டி, யாருடையது, என்ன இருந்தது, எந்த ஆண்டு, எந்தச் சூழலில் நின்றது என்று நான்கு வரி எழுதலாம். பழைய சுவடிகளின் கடைசி ஏட்டில் எழுதியவர் பெயரும் நாளும் குறித்த மரபு நமக்கு உண்டு. தொழில் தெரிந்த ஒருவர் மல்டிமீட்டரோடு என்றாவது வரும்போது அந்த நான்கு வரி அவருக்கு வழிகாட்டும். மீட்ட பிறகு செய்ய வேண்டியதைக் கெல்டிரியாக் கோட்டையின் எழுத்தர்கள் செய்துகாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்: இரண்டு படி, இரண்டு கப்பல், இரண்டு கரை.

பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் மூடி அடைபடுவது உண்டு. அப்போது கடலுக்கும் ஏரிக்கும் போக்குவரத்து நிற்கும். மீன் வரத்துக் குறையும். அதற்காக ஏரி செத்துவிட்டது என்று அந்த ஊரார் கைவிட்டுப் போய்விடுவதில்லை. மணலை வெட்டி வாயைத் திறக்க வேண்டும் என்று கோருகிறார்கள்.